பேர் வெட்டிய ராடு

அவனியாபுரத்தில் அன்னக்கொடி கையால் பேர் வெட்டாத குடமோ அண்டாவோ ஒரு வீட்டில் இருந்தால், அந்த வீட்டுக்காரர்கள் நேற்றுத்தான் வெளியூரிலிருந்து குடிவந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சிற்றுளியைச் சாய்த்துப் பிடித்து, விரல் தடிமன் சுத்தியலால் டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டே போவாள். பேச்சு ஒருபக்கம் நடந்துகொண்டிருக்கும், எழுத்து ஒருபக்கம் முத்து முத்தாய் விழுந்துகொண்டிருக்கும். கல்யாணச் சீருக்கு ஏனம் வாங்குகிறவர்கள் டவுனில் வாங்கினாலும் பேர் வெட்ட அவளிடம்தான் வருவார்கள். கடைக்காரன் வெட்டினால் பாத்திரம் நசுங்கும், அன்னக்கொடி வெட்டினால் பாத்திரத்துக்கு வலிக்கவே வலிக்காது என்று சொல்வார்கள். அதைக் கேட்கும்போது அவளுக்கு உச்சி குளிர்ந்துதான் போகும். போகாது என்று சொன்னால் அது பொய்.

புருசன் நல்லகாமன் டீசல் இஞ்சின் மெக்கானிக். ஏரோடிரோமுக்குப் போகிற ரோட்டில் தகரக் கொட்டகை, அதற்குப் பின்னாலேயே வீடு. சமையல் புகையும் டீசல் புகையும் ஒன்றாய்க் கலந்துதான் அந்த வீட்டில் சோறு வேகும். அவர் இஞ்சினைப் பிரித்தால் அவள் போல்ட்டு நட்டுகளைக் கழுவித் துடைத்து வரிசைப்படி சாக்கில் வைப்பாள். வந்த புதிதில் வேடிக்கை பார்த்தவள், பதினைந்து வருசத்தில் பாதி மெக்கானிக் ஆகிவிட்டாள். மீதிப் பாதியையும் ஆகியிருப்பாள், அடுப்பு ஒன்று இல்லாமலிருந்தால்.

எண்பத்து மூன்றாம் வருசம் ஆடி மாசம். மழை தப்பி ரெண்டு வருசமாகிவிட்டது. காற்று மட்டும் குறைவில்லாமல் அடித்தது. கிணறெல்லாம் வாயைத் திறந்துகொண்டு கிடந்ததால் போர் போடுகிற வண்டிக்காரர்களுக்கு நிற்க நேரமில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் விருமாண்டியின் போர் வண்டி இஞ்சினை டிராக்டர் டிரெய்லரில் போட்டுக் கட்டிக் கொண்டுவந்து கொட்டகை முன்னால் இறக்கினார்கள். பக்கவாட்டில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. உள்ளேயிருந்து கனெக்டிங் ராடு ஒன்று உடைந்து, இஞ்சின் பிளாக்கையே குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தது.

ராடு என்பது முழங்கை நீளத்துக்கு இருக்கிற இரும்புக் கை. மேலே பிஸ்டனைப் பிடித்திருக்கும், கீழே சுற்றுகிற தண்டான கிராங்கைப் பிடித்திருக்கும். ஆறு சிலிண்டர் இஞ்சினுக்கு ஆறு ராடு. நிமிசத்துக்கு ரெண்டாயிரம் தடவை மேலும் கீழும் இழுபட்டாலும் முகம் சுளிக்காமல் உழைக்கிற சாமான் அது. விருமாண்டி ஆசைப்பட்டு அந்த இஞ்சினில் டர்போ மாட்டியிருந்தார். வெளியே போகிற புகையின் வேகத்திலேயே ஒரு காற்றாடியைச் சுழலவிட்டு, கூடுதலாகக் காற்றை உள்ளே திணிக்கிற கருவி. நூற்றுப்பத்துக் குதிரை இழுத்த இஞ்சின் நூற்றெண்பது இழுத்தது. முந்நூறு அடி ஆழத்திலிருந்து கல் மாவு பொங்கிக்கொண்டு மேலே வந்தது. தை மாசத்தில் அந்த வேலையைச் செய்து கொடுத்தவர் நல்லகாமன். ராடு மட்டும் பழைய இஞ்சினோடு வந்த அதே ஆறு.

விருமாண்டிக்குச் செக்கானூரணி. அன்னக்கொடிக்குத் தூரத்துப் பங்காளி வகையில் அண்ணன் முறை. அதனால் நல்லகாமனை மாப்ள என்பார், அன்னக்கொடியை ஆத்தா என்பார். டிரெய்லருக்குப் பின்னாலேயே ஜீப்பில் வந்து இறங்கினார்.

"எல்லாம் அந்தப் பேச்சிமுத்துப் பய பண்ணுன வேல மாப்ள. கண்ணு மண்ணு தெரியாம முறுக்கியிருக்கான். திருவாதவூருல நூத்தெழுவது அடியில பைப்பு உள்ள நிக்கிது. அது அவன் சொந்த ஊரு வேற. சொந்தக்காரப் பயலுகளுக்கு முன்னாடி மவராசா கணக்கா முறுக்கிருப்பான்."

"பாத்தீகளா மச்சான்?"

"பாக்கணுமாக்கும்? ஒடஞ்சுருச்சுல்ல? அந்த ஊருக்கு முன்னாடியே சாவியப் புடுங்கிட்டு எறக்கி விட்டுட்டேன். போர் வண்டிக்காரன் அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லிட்டேன், இவன எவனும் சேக்காதீகன்னு."

பேச்சிமுத்துவுக்கு முப்பது வயசிருக்கும். அவன் தெருவில் தலைமுறை தலைமுறையாகப் பிறத்தியார் வயலில் குனிந்தவர்களே உண்டு. இஞ்சினுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றவன் அவன் ஒருத்தன்தான். ஆக்சிலேட்டரைக் கையால் பிடித்தாலும் காதால்தான் ஓட்டுவான். டர்போ விசில் ஒரு நூல் ஏறினாலும் கண்டுபிடித்துவிடுவான். அந்த வேலை போனால் அவனுக்கு மண்வெட்டிதான், வெட்டுவதற்கு அந்த வருசம் ஈர மண்கூட இல்லை. சாவியைப் பறிகொடுத்த மறுநாளே சைக்கிளை மிதித்துக்கொண்டு நல்லகாமன் கொட்டகைக்கு வந்துவிட்டான். "எனக்கு வேலை வேணாம்ணே. ஏன் ஒடஞ்சுச்சுன்னு மட்டும் நான் தெரிஞ்சுக்கிறணும்" என்றான். விருமாண்டி பேசிக்கொண்டிருந்தபோதும் அவன் கொட்டகை மூலையில் டீசல் தொட்டிக்குப் பக்கத்தில்தான் குத்தவைத்திருந்தான். அவர் அவனைத் தூணைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, ஜீப்பிலிருந்து ரெண்டு சாக்கை இறக்கச் சொன்னார்.

முதல் சாக்கில் ஆறு ராடு, புத்தம் புதுசு, முகம் பார்க்கலாம்போல மினுமினுத்தது. ரெண்டாவதில் ஏழு, கன்னங்கரேலென்று பிசுக்கேறிக் கிடந்தது.

"இது டவுன்ல வாங்குனது. இது ஒடஞ்ச சேதி கேட்டதும் நீ சொல்லி விட்டியேன்னு மெட்ராஸ் புதுப்பேட்டையில ஆளவிட்டு எடுத்தாரச் சொன்னது. மண்ணள்ளுற வண்டி இஞ்சினாம், ஒடச்சுப் போட்டுட்டாகளாம். எனக்கென்னமோ புதுசுதான் கண்ணுக்கு நல்லாருக்கு. நீ பாத்து முடிவு பண்ணு. நாளக்கிக் காலையில புது ஆப்பரேட்டரையும் கூட்டிக்கிட்டு வாரேன்."

ஜீப் போனதும் நல்லகாமன் பீடியை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர் ராடு பார்க்கிற அழகைப் பார்க்கவேண்டும். பெண் பார்க்கப் போகிறவன்கூட அவ்வளவு பயபக்தியாகப் பார்க்கமாட்டான். ஒவ்வொன்றாகக் கம்பியில் கட்டி உத்தரத்தில் தொங்கவிடச் சொன்னார். "நீ தட்டு அன்னக்கொடி. ஒனக்குத்தான் காது சுத்தம்."

அவள் சின்னச் சுத்தியலால் புது ராடுகளைத் தட்டினாள். முதலாவது டக்கென்றது. அடுத்தது ணக்கென்றது. மூன்றாவதில் சத்தமே எழவில்லை.

"என்னங்க இது, ஆறும் ஆறு தினுசாக் கத்துது!"

"பக்கவாட்டுல பாரு. மயிரு மாதிரி ஒரு கோடு தெரியுதா? உருக்கி அச்சுல ஊத்துனது. மேல பாலீசு போட்டு மறச்சிருக்கான்."

"வார்ப்படமா? அப்ப நம்ம ஏனம் மாதிரித்தான். வார்ப்படம் கீழ விழுந்தாத் தெறிச்சுப்போகும். தட்டி எடுத்ததுதான் நெளிஞ்சாலும் தாங்கும்."

"அம்புட்டுத்தான் விசயம். இந்தா, கறுப்பு ராடத் தட்டு."

ணங்... என்று கோயில் மணி மாதிரி இழுத்தது. ஏழும் ஒரே குரல். அதன் பக்கவாட்டில் விரல் அகலத்துக்குப் பட்டையான தழும்பு ஓடியது. பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து உருவாக்கிய ராடு அது. நடுத்தண்டும் பழசைவிட ஒரு சுற்று தடிமன், நீளம் மட்டும் அச்சு அசல் அதேதான். டர்போவோடேயே பிறந்த இஞ்சினின் ராடு என்று நல்லகாமன் சொன்னார். பேச்சிமுத்து எழுந்து வந்து ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தான்.

"கனமா இருக்கேண்ணே. இஞ்சின் இம்புட்டையும் தூக்கிச் சுத்துமா?"

"கனம் கெடக்கு கழுத. ஆறும் ஒரே கனமா இருக்கணும். ஒண்ணு தடியனாவும் ஒண்ணு நோஞ்சானாவும் இருந்தா இஞ்சின் ஆடியே செத்துப்போகும். பக்கத்து வெங்காயக்கடைத் தராச வாங்கிட்டு வா."

வெங்காயத் தோலோடு தராசு வந்தது. ஏழையும் நிறுத்தார்கள். அதில் மூன்று மட்டும் முப்பது நாற்பது கிராம் கூடுதலாக இருந்தது. அவற்றின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அதற்கென்றே விட்டிருக்கிற குமிழில் நல்லகாமன் அரத்தைப் போட்டார். ராவுவது, நிறுப்பது, மறுபடி ராவுவது. நடுத்தண்டில் அரம் படவேண்டி வந்தபோது மட்டும் குறுக்கே இழுக்காமல் நீளவாக்கிலேயே இழுத்தார். கடைசியாக உப்புத்தாள் போடுகிற வேலையை அன்னக்கொடி செய்தாள். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது மாதிரி மேலிருந்து கீழாகவே தேய்த்தாள். பேச்சிமுத்து பழைய போல்ட்டுகளை எடுத்துக் கழுவப் போனான்.

"அத விடுப்பா. ராடு பழசா இருக்கலாம், போல்ட்டு பழசா இருக்கக் கூடாது. ஒரு தடவ இழுபட்ட போல்ட்ட நம்புறதும் குடிகாரன நம்புறதும் ஒண்ணு" என்றார் நல்லகாமன்.

வெடிப்புப் பார்க்கிற வேலைதான் கடைசி. ராடுகளை மண்ணெண்ணெயில் முக்கி ஊறவிட்டு, எடுத்துப் பொட்டுச் சொட்டில்லாமல் துடைத்து, சாக்பீஸ் பொடியைப் பூசிவைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் அதற்குள் ஒளிந்திருக்கிற எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியில் கறுப்பாகக் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். ஏழில் ஒன்று போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் அப்படிக் காட்டிக்கொடுத்தது. அதைத் தூக்கி எறிந்தார்கள். மிச்சம் ஆறு, குற்றம் சொல்ல முடியாத ஆறு. நல்லகாமன் கருவாட்டுக் குழம்பு வாசம் பிடித்தவர் மாதிரி மூக்கை உறிஞ்சிச் சிரித்தார்.

மண்ணெண்ணெயும் பொடியும் மிச்சமிருந்தது. உடைந்த இஞ்சினில் தப்பிய பழைய ராடு அஞ்சும் ஓரமாகக் கிடந்தது. உடைந்த ராடு அடிபட்டு நசுங்கி எதையும் சொல்லுகிற நிலையில் இல்லை. 'இந்த அஞ்சையும் பாத்துருவோம், தேறுனா வேற சாதா இஞ்சினுக்கு ஆகும்' என்று அன்னக்கொடி அவற்றையும் முக்கியெடுத்துத் துடைத்துப் பொடி பூசி வெயிலில் பரப்பினாள். பேச்சிமுத்து ரோட்டில் போன வண்டியில் மூன்று டம்ளர் பருத்திப்பால் வாங்கிவந்தான். குடித்துவிட்டு அவள் திரும்பிப் பார்த்தபோது மூன்றாவது ராடில் கோடு விழுந்திருந்தது.

கோடு சும்மா விழவில்லை. நடுத்தண்டில் அவள் வெட்டிய 'வி' என்ற எழுத்தின் கொக்கி முடிகிற இடத்தில் தொடங்கி, குறுக்கே ஓடியிருந்தது. அஞ்சாவது ராடைப் பார்த்தாள். அதில் அஞ்சு என்ற எண்ணின் அடியிலிருந்து ஒரு கோடு.

ராடுக்குப் பேர் வெட்டுவது அவள் கொண்டுவந்த வழக்கம்தான். ஆறு வருசத்துக்கு முன்னால், கடைசலுக்குக் கொடுத்த இடத்தில் ராடு மாறிப்போய்ப் பெரிய ரகளையாகிவிட்டது. பெயிண்டில் எழுதினால் மண்ணெண்ணெயில் அழிந்துவிடும். "கல்யாணத்துக்கு எரவல் குடுத்த அண்டாவே பேரு வெட்டினாத்தான் திரும்பி வருது. ராடுக்கும் வெட்டிருவோம்" என்றாள். சொந்தக்காரர் பேரில் முதல் எழுத்து, கூட ஒரு எண். எஃகு என்பதால் நல்ல அழுத்தமாகவே வெட்டினாள். பார்த்தவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். லாரி இஞ்சின், கிணற்று இஞ்சின் என்று இதுவரை எத்தனையோ வெட்டியாகிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. டர்போ போடுகிற போட்டுக்கு அந்தக் கீறல் ஒன்று போதுமாக இருந்திருக்கிறது.

ராடு ரெண்டையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய்ப் புருசனைக் கூப்பிட்டாள். நல்லகாமன் லென்ஸ் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"வெளிய சொல்லாத" என்றார்.

"ஏன்?"

"கொட்டகையில நாலு இஞ்சின் நிக்கிதுல்ல, நாளக்கி ஒண்ணு நிக்காது. நல்லகாமன் பொண்டாட்டி ராட வெட்டி ஒடச்சுட்டான்னு மேலூரு வரைக்கும் பேசுவானுக. நம்ம பொழப்புல மண்ணு விழுந்துரும் அன்னக்கொடி."

"அங்கிட்டு ஒருத்தன் பொழப்புல ஏற்கெனவே விழுந்து கெடக்கே."

"மச்சான்கிட்ட நான் தனியாப் பேசுறேன். பேச்சிமுத்துவத் திரும்பச் சேத்துக்கிறச் சொல்றேன். நாஞ் சொன்னாத் தட்ட மாட்டாரு."

"என்னன்னு சொல்லுவீக? தெரியாமத் தப்புப் பண்ணிட்டான், மன்னிச்சு விடுங்கன்னா?"

நல்லகாமன் சாப்பிட உட்கார்ந்தார். இலையில் சோறு போட்டாள். பிசைந்துகொண்டே இருந்தாரே தவிர வாய்க்குப் போகவில்லை. வாசலில் பேச்சிமுத்து கறுப்பு ராடு ஆறையும் துணியில் துடைத்து, ஒன்றோடொன்று இடிக்காமல் வைக்கோல் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தான். இனி தான் தொடவே முடியாத ஒரு இஞ்சினுக்கு இவன் எதற்கு இவ்வளவு பாடுபடுகிறான் என்று அன்னக்கொடிக்குத் தோன்றியது. அழுகை வந்தது. குழம்புக் கரண்டியைப் பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள், எரிச்சல் தாங்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்த நல்லகாமன் சொன்னார்: "காலையில நானே சொல்லிடுறேன்."

"வெட்டுனது என் கை. நாந்தான் சொல்லணும்."

"சரின்னு ராட எடுத்துக் குடுத்தது நாந்தான்."

"அப்ப நீங்க பின்னாடி நில்லுங்க" என்றாள்.

காலையில் விருமாண்டி சொன்னபடி வந்தார். கூடவே மொக்கையன் என்ற புது ஆப்பரேட்டர், கழுத்தில் சிவப்புத் துண்டு. "எந்த ராடு மாப்ள?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். நல்லகாமன் கறுப்பு ராடைக் காட்டி, வார்ப்படக் கதையைச் சொன்னார். விருமாண்டி தலையை ஆட்டினார். அப்போது அன்னக்கொடி வந்து பழைய ராடு ரெண்டையும் அவர் முன்னால் வைத்தாள். பொடியைப் பூசியே வைத்திருந்தாள், கோடு பளிச்சென்று தெரிந்தது.

"அண்ணே, பேச்சிமுத்து ஒடைக்கல. நான் ஒடச்சேன். நான் வெட்டுன எழுத்துலருந்து வெடிச்சிருக்கு, பாருங்க. ஒடஞ்ச ராடும் இப்பிடித்தான் போயிருக்கும்."

விருமாண்டி குனிந்து பார்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நிமிர்ந்து நல்லகாமனைப் பார்த்தார்.

"ஆமா மச்சான். நானும் சேந்துதான்."

"ஆறு வருசமா வெட்டுறீகளே, அப்பல்லாம் ஒடையல?"

"சாதா இஞ்சின் பொறுத்துக்கிருச்சு. டர்போ பொறுக்கல. அது எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்கணும்" என்றாள் அன்னக்கொடி. "ஊருக்கு முன்னாடி சாவியப் புடுங்குனீகள்ல, அதே ஊருக்கு முன்னாடி அவன்கிட்டக் குடுக்கணும்ணே."

விருமாண்டிக்குக் காது சிவந்துவிட்டது. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நல்லாருக்கு கதை! சொந்தக்காரன்னு நம்பி இஞ்சினக் குடுத்தா, குடத்துல வெட்டுற மாதிரி வெட்டி வச்சிருக்கீக. சீசன்ல பாதி நாளு போச்சு எனக்கு. மொக்கையா, இஞ்சினத் தூக்கி வண்டியில வையி. கப்பலூரு பட்டறையில குடுப்போம். ராடையும் எடு." பிறகு மூலைப் பக்கம் திரும்பினார். அவருக்கும் கோபம்தான் உண்டே தவிர நெஞ்சில் கள்ளம் கிடையாது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "இந்தாடா பேச்சிமுத்து. என் மேலதான் தப்பு. திருவாதவூருக்கு நானே வந்து சொல்றேன். ஏறு வண்டியில."

அன்னக்கொடிக்கு அது போதும் என்றிருந்தது. கொட்டகை காலியானாலும் சரி, போகட்டும். கண்ணை மூடிக்கொண்டாள்.

பேச்சிமுத்து எழுந்து வந்தான். சாவியை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"கப்பலூருல மாட்டுனா நான் ஓட்ட மாட்டேன் மொதலாளி."

"என்னது?"

"அன்னைக்கி ஊருக்கு முன்னாடி எறக்கி விட்டீக, வாயத் தெறக்கல. இன்னைக்கிச் சொல்றேன், கோவிச்சுக்கிறாதீக. அந்த இஞ்சினுக்குப் பக்கத்துல நாள் பூராம் நிக்கிறவன் நானு. ராடு தெறிச்சு வந்தா மொத என் வயித்துலதான் பாயும். போன வாரம் ஒரு முழம் தள்ளி நின்னேன், தப்பிச்சேன். நல்லா வேல தெரிஞ்சவுக கப்பலூருல நெறயாப் பேரு இருக்காக. தப்பு நடந்தா வந்து எங்கிட்டச் சொல்லுவாகளா? இந்த அக்கா சொல்லுச்சு. எனக்கு அவுக மாட்டுன இஞ்சின்தான் வேணும்."

ஆடிக்காற்று தகரத்தைத் தூக்கி அடித்தது. ராடு சாக்கைத் தோளில் தூக்கிய மொக்கையன் வைப்பதா எடுப்பதா என்று தெரியாமல் நின்றான். விருமாண்டி பேச்சிமுத்துவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவனை அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறார் என்று தோன்றியது.

"எறக்குடா சாக்க" என்றார் மொக்கையனிடம்.

பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, மறுபடியும் உட்கார்ந்தார். நல்லகாமன் வாயைத் திறப்பதற்குள் அவரைத் தாண்டி அன்னக்கொடியைப் பார்த்துக் கேட்டார்:

"எத்தன நாளு ஆகும் ஆத்தா?"